பழைய ஸ்போர்ட்ஸ் கார்: சென்னையில் இணையவழிக் கொள்முதல்

பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை இணைய விளம்பரத்தில் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று எடைபோடுவது இக்கட்டுரையின் பொருள். இரண்டு கதவு, தாழ்ந்த உடல், குடும்பப் பயணத்தைவிட ஓட்டும் சுகத்துக்கு முதலிடம் தரும் கட்டமைப்பு ஆகியவை கொண்ட கார்களே இங்கு ஸ்போர்ட்ஸ் கார் எனப்படுகின்றன. போர்ஷே பாக்ஸ்டர், கேமன், பிஎம்டபிள்யூ இசட்4, மெர்சிடிஸ் எஸ்எல்கே, ஆடி டிடி போன்றவை இவ்வகை. சென்னையில் இவை அதிகம் கண்ணில் படும் தடம் கிழக்குக் கடற்கரைச் சாலை. திருவான்மியூரைத் தாண்டியதும் வரும் கொட்டிவாக்கம் அச்சாலையின் இருபுறமும் விரிந்திருக்கிறது. 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்த இப்பகுதியில் வீட்டு வாசலுக்கும் கடலுக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. கடற்காற்று, டிசம்பர் வெள்ளம், தெற்கே புதுச்சேரிவரை நீளும் சாலை என மூன்றுமே இங்கு கார் வாங்குபவரின் கணக்கில் வந்து சேர்கின்றன.

எஞ்சினைக் கேட்பதற்கு முன் ஆவணங்களைப் படிக்க வேண்டும். இந்தியாவில் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் மதிப்பில் பெரும்பங்கு அது எப்படி நாட்டுக்குள் வந்தது, எந்த மாநிலத்தில் யார் பெயரில் பதிவானது, எந்த வரி கட்டப்பட்டது என்பதில் அடங்கியிருக்கிறது. பழுதான எஞ்சினைப் பணம் போட்டுச் சரிசெய்யலாம். பொய்யான பதிவைச் சரிசெய்ய எந்தப் பட்டறையாலும் முடியாது.

சந்தை ஏன் சிறியது

சென்னைக்குக் கார்ப் பந்தய ஆர்வம் புதிதல்ல. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல பத்தாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990 முதல் அவை இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு மாறின. ஆனால் ஓட்டிய கார்கள் பெரும்பாலும் சாதாரணக் கார்களை மாற்றியமைத்தவையே. சென்னை ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டு காரின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் உருவானது. ஸ்பிட்ஃபயர் இங்கே தயாரிக்கப்படவில்லை. ஹெரால்டு மட்டுமே கிடைத்தது. 1990களின் இறுதியில் கோவாவில் உருவான சான் ஸ்டார்ம் என்ற இரண்டு கதவுக் காரும் சொற்ப எண்ணிக்கையில்தான் விற்றது.

பழைய கார்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கும் கடும் கட்டுப்பாடு உண்டு. தயாரித்து மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத, வலப்புற ஸ்டியரிங் கொண்ட காராக இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும். ஆகவே ஜப்பானிய, பிரிட்டிஷ் இணையதளங்களில் மலிவாகத் தெரியும் இருபது வயது மாஸ்டா எம்எக்ஸ்-5 சென்னை வாசகருக்கு வெறும் காட்சிப்பொருள்தான். இங்கே விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் புதிதாக இறக்குமதியாகி, முதல் உரிமையாளர் முழு வரியும் கட்டி ஓட்டிய கார்கள். எண்ணிக்கை குறைவு என்பதால் ஒரே காரின் படங்கள் மூன்று நகரத் தரகர்களின் விளம்பரங்களில் மூன்று விலையில் வருவதும் உண்டு.

இவற்றுக்கு அடுத்த படியில், தமிழ்நாட்டு ஆர்வலர்கள் ஸ்போர்ட்ஸ் கார் போலவே மதிக்கும் உள்நாட்டுக் கார்கள் இருக்கின்றன. மறைமலைநகரில் 1999 முதல் வந்த ஃபோர்டு ஐகானின் 1.6 எஞ்சின் வகை, திருவள்ளூர் ஆலையில் 1998 முதல் உருவான மிட்சுபிஷி லான்சர், ஹோண்டா சிட்டி விடெக் ஆகியவை இதில் முக்கியமானவை. முதன்முறையாகப் பழைய கார் வாங்க நினைப்பவர் இந்தப் படியிலிருந்து தொடங்குவது நல்லது. பாகங்கள் விலை தாங்கக்கூடியது. இவற்றைக் கழற்றி மாட்டத் தெரிந்த மெக்கானிக்குகளும் நகரில் இருக்கிறார்கள்.

ஆவண வரலாறு

எம்பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைத் தட்டினால் பதிவுத் தேதி, எத்தனையாவது உரிமையாளர், கடன் அடமானம், காப்பீட்டுக் காலம், தகுதிச் சான்று ஆகியவை தெரியும். விளம்பரத்தில் ‘சிங்கிள் ஓனர்’ என்று போட்டுவிட்டு, பதிவுச் சான்றான ஆர்.சி.யில் நான்காவது கை என்று இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அடமானம் பதிவாகியிருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் வேண்டும்.

பதிவு எண்ணின் முதல் இரண்டு எழுத்துகளே பாதிக் கதையைச் சொல்லிவிடும். புதுச்சேரியின் ‘பிஒய்’ எண் கொண்ட சொகுசுக் கார்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிக்கடி பார்க்கலாம். அங்கு வாகன வரி குறைவு என்பதே காரணம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு வாழ்நாள் வரி 20 விழுக்காடு. புதுச்சேரியில் உண்மையாகவே வசித்தவர் அங்கே பதிந்ததில் தவறில்லை. பொய் முகவரியில் பதிந்த கார்கள்தான் சிக்கல். 2017-இல் கேரளத்தில் திரைப்பிரபலங்கள் சிலர் மீது இதே குற்றச்சாட்டில் வழக்குகள் பதிவாயின. புதுச்சேரி எண் கொண்ட காரைத் தமிழ்நாட்டுக்கு மாற்றும்போது காரின் வயதுக்கேற்ற வாழ்நாள் வரியை வாங்குபவர் கட்ட நேரும். வேறு மாநில எண்ணுடன் 12 மாதங்களுக்கு மேல் ஓட்டினால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு. இந்த வரியை விளம்பர விலையோடு கூட்டிப் பார்த்தால், மலிவாகத் தெரிந்த பல கார்கள் உள்ளூர்க் காரைவிட விலை கூடியவையாகிவிடும்.

டெல்லியின் ‘டிஎல்’ எண் வேறு வகை. அங்கே டீசல் கார்களுக்குப் பத்து ஆண்டு, பெட்ரோல் கார்களுக்குப் பதினைந்து ஆண்டு என்ற வயது வரம்பைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. வரம்பை நெருங்கும் கார்கள் தெற்கே மலிவாக வருகின்றன. கார் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் டெல்லி அலுவலகத்தின் தடையின்மைச் சான்று, அதாவது படிவம் 28, கையில் வரும் முன் முழுப் பணத்தையும் கொடுப்பது பெரும் ஆபத்து.

இறக்குமதிக் கார்களில் இன்னோர் அடுக்கும் உண்டு. பூட்டான் வழியாகக் கடத்தி வந்து, போலி ஆவணங்களால் பதிந்த வாகனங்களைத் தேடி 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத் துறை ‘நும்கோர்’ என்ற பெயரில் சோதனை நடத்தியபோது, கடைசியாக வாங்கி வைத்திருந்தவர்களிடமிருந்தே கார்கள் பறிமுதலாயின. தமிழ்நாட்டில் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி இறக்குமதிக் கார்களுக்கு நுழைவு வரி விதிக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் இழுத்தன. ஜிஎஸ்டி வந்த 2017-க்கு முன் இறக்குமதியான காரென்றால் சுங்க ரசீதான பில் ஆஃப் என்ட்ரி, நுழைவு வரி ரசீது இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும்.

பதினைந்து ஆண்டு நிறைந்த காருக்குப் பதிவை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் சாதாரணக் காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 40,000 ரூபாய் கட்டணம். 2025 ஆகஸ்டில், இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு இவை முறையே 10,000, 80,000 ஆக உயர்ந்தன. பசுமை வரி தனி. 2006-ஆம் ஆண்டு பாக்ஸ்டர் ஒன்றைப் பார்ப்பவர் இதைப் பேரத்தின்போதே சொல்லிக் கழித்துக்கொள்ள வேண்டும்.

கடலும் வெள்ளமும்

கொட்டிவாக்கம், நீலாங்கரை, பாலவாக்கம் பகுதிகளில் வீட்டு வாசலில் நின்ற கார் குறைந்த தூரமே ஓடியிருந்தாலும் நல்ல கார் என்று பொருளல்ல. உப்புக் காற்று பிரேக் டிஸ்க்குகளையும் புகைக்குழாய் இணைப்புகளையும் முதலில் தின்னும். சஸ்பென்ஷனின் அலுமினியக் கைகளில் மாட்டிய எஃகு போல்ட்டுகள் இறுகிப்போய், சிறிய வேலைக்கே பாகத்தை அறுத்தெடுக்கும் நிலை வரும். மின்சார எர்த் இணைப்புகள் பச்சை பிடித்துவிட்டால் காரணம் தெரியாத எச்சரிக்கை விளக்குகள் எரியும். விளம்பரப் படத்தில் காரின் அடிவயிறு ஒருபோதும் தெரியாது. லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்கக் கூடாது.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாற்று வெள்ளத்திலும், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலிலும் தென்சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. தாழ்ந்த உடல் கொண்ட கார் முழங்கால் நீரிலேயே மூச்சுத் திணறும். காற்று உறிஞ்சும் வழியில் நீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இருக்கைத் தண்டவாளத்தின் துரு, சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்தால் தெரியும் சேற்றுக் கறை, ஸ்பேர் டயர்க் குழியின் வண்டல் ஆகியவை நுரைக் கழுவலுக்குத் தப்பும் சாட்சிகள். காப்பீட்டு நிறுவனத்தில் பழைய கிளெய்ம் விவரத்தைக் கேட்பதும் பயன் தரும்.

திறந்த கூரைக் கார்களுக்கு வெள்ளமே தேவையில்லை. கூரை நீர் வடியும் குழாய்களில் இலைச்சருகு அடைத்தால் போதும். முதல் தலைமுறை பாக்ஸ்டரில் இருக்கைக்கு அடியிலுள்ள இம்மொபிலைசர் கணினி நனைந்து கார் ஸ்டார்ட் ஆகாமல் போகும். 2002 முதல் 2008 வரை வந்த இசட்4-இல் கூரையை இயக்கும் மோட்டாரே நீரில் மூழ்கிப் பழுதாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளியில் நிற்கும் காரென்றால் கம்பளத்தைத் தூக்கித் தடவிப் பார்க்க வேண்டும்.

எஞ்சின்

ஒவ்வொரு மாடலுக்கும் உலகறிந்த நோய் ஒன்று உண்டு. 2008 வரையிலான பாக்ஸ்டர், கேமன், 911 கார்களின் பெரும்பாலான எஞ்சின்களில் இடைத்தண்டு பேரிங் உடைந்தால் முழு எஞ்சினும் போய்விடும். அமெரிக்காவில் இதற்கான கூட்டு வழக்கு 2013-இல் சமரசமானது. 2009 மாடலில் வந்த புதிய எஞ்சினில் அந்தப் பாகமே கிடையாது. ஆகவே இவ்விரண்டு ஆண்டுகளுக்கு இடையே உள்ள விலை வித்தியாசம் நியாயமானது. போர்ஷே சேசிஸ் எண்ணின் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைக் காட்டும்: 8 என்றால் 2008, 9 என்றால் 2009, ஏ என்றால் 2010. ஆர்.சி.யிலுள்ள பதிவு ஆண்டை மட்டும் நம்பி ஏமாறாமல் இருக்க இது உதவும்.

இசட்4-இன் இரட்டை டர்போ எஞ்சினில் உயரழுத்த எரிபொருள் பம்பும் மின்சார வாட்டர் பம்பும் பலவீனங்கள். 2006-ஐ ஒட்டிய எஸ்எல்கே வி6 எஞ்சின்களில் பேலன்ஸ் ஷாஃப்ட் பல்சக்கரம் தேயும். மாற்றியதற்கான பில் இருந்தால் நோய் தீர்ந்த கார். இல்லையென்றால் அந்தச் செலவை வாங்குபவரே ஏற்க வேண்டியிருக்கும்.

கிலோமீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்பதை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையப் பதிவேட்டோடு ஒப்பிட்டு அறியலாம். போர்ஷே எஞ்சின் கணினி அளவு மீறிச் சுழன்ற தடவைகளையும் சேமித்து வைக்கும். வாங்குபவர் தன் செலவில், தான் தேர்ந்த இடத்தில், குளிர்ந்த எஞ்சினோடு இந்தச் சோதனையைச் செய்விக்க வேண்டும். வெளியூர்க் காருக்கும் இதே விதி: அந்த ஊர் சர்வீஸ் நிலையத்துக்குக் கட்டணம் செலுத்தி அறிக்கை பெறுவது வீடியோ அழைப்பைவிடப் பல மடங்கு நம்பகமானது.

வைத்துக்கொள்ளும் செலவு

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் ஐகானுக்கும் லான்சருக்கும் பாகம் தேடலாம். பாக்ஸ்டருக்குத் தேவையானது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வரும். காத்திருக்கும் வாரங்களையும் செலவாகவே கருத வேண்டும். அதிகம் ஓடாத காரில் டயர்ப் பள்ளம் புதிதுபோல இருக்கும், ரப்பர் செத்திருக்கும். டயர் பக்கச்சுவரின் நான்கு இலக்க எண் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் இப்போது நாடெங்கும் பரவிவிட்டதால், பழைய கார்களின் எரிபொருள் ரப்பர்க் குழாய்களைச் சோதித்து மாற்றுவதும் கட்டாயமாகிறது. முன்னவர் மாட்டிய சத்தம் கூடிய சைலன்சர் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி அனுமதியற்ற மாற்றம். அசல் பாகத்தையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

பணமும் பெயர் மாற்றமும்

தன்னை ராணுவத்தவர் என்று சொல்லி, சந்தையில் பாதி விலை போட்டு, டோக்கன் தொகை கேட்கும் மோசடி இந்திய இணைய விளம்பரங்களில் பரவலானது. காரையும் ஆர்.சி.யையும் ஆளையும் நேரில் பார்க்கும் முன் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் பழைய கார் வணிகர்கள் போக்குவரத்துத் துறை அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. வணிகரிடம் வாங்குபவர் அந்தச் சான்றைக் கேட்கலாம்.

படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்து வாங்கிவைத்துக்கொண்டு பெயர் மாற்றாமல் ஓட்டுவது பழைய பழக்கம். விபத்து நேர்ந்தால் பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே விற்பவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் போக்குவரத்து அலுவலகத்திலும், 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திலும் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்பீடு தானாகவே புதியவருக்கு மாறிவிடும். சொந்தச் சேதத்துக்கான காப்பீடு அப்படி மாறாது. முன்னவரின் நோ கிளெய்ம் போனஸும் அவரோடே போய்விடும்.