ஜொகூர்த் தோட்டங்களும் இரு மொழித் தேர்வுகளும்

தாய்மொழியல்லாத மொழியில் ஒருவர் பெற்ற தேர்ச்சியைச் சோதித்துச் சான்றளிப்பது இரண்டாம் மொழித் தேர்வாகும். 2006 முதல் நெதர்லாந்து, அங்குக் குடும்பத்தோடு இணைந்து வாழ விரும்பும் அயல்நாட்டவர் பலரையும், தாயகத்திலேயே அடிப்படை டச்சு மொழித் தேர்வில் தேறிய பின்னரே வருமாறு பணித்தது. மொழியறிவை வாழ்வுரிமைக்கு வாயிலாக்கும் இம்முறை ஜொகூர்த் தோட்டத் தமிழருக்குப் புதிதன்று. அவர்தம் வரலாற்றில் எதிரெதிர்த் திசையிலமைந்த இரு தேர்வுகள் காணப்படுகின்றன.

முதலாவது, துரைமார் எழுதிய தமிழ்த் தேர்வு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்ப் பயிர் பெருகியபோது, குளுவாங், சிகாமட், லாபிஸ், கூலாய் ஆகிய வட்டாரங்களில் தமிழகத் தொழிலாளர் குடியேறினர். அவர்களை வேலைவாங்க நிர்வாகத்திற்குத் தமிழறிவு தேவைப்பட்டது. 1919-இல் மலாயாவில் நிறுவப்பெற்ற தோட்ட நிர்வாகிகள் சங்கம் ஐரோப்பியத் துணை நிர்வாகிகளுக்குத் தமிழ்த் தேர்வு நடத்தியது. மலாயா ஆட்சிப்பணியின் பயிற்சி அதிகாரிகள் சிலரும் தமிழ் கற்கத் தென்னிந்தியாவிற்கு அனுப்பப்பெற்றனர். பெரட்டுக் களத்திலும் பால்வெட்டிலும் பயன்படும் பேச்சுத்தமிழே துரைமாருக்குப் பெரிதும் வேண்டியிருந்தது.

இவ்வேற்பாட்டின் விளைவு கருதத்தக்கது. துரை, கிராணி, கங்காணி ஆகிய மூவரும் தொழிலாளரிடம் தமிழிலேயே பேசினர். தோட்டப் பள்ளியும் தமிழிலேயே நடந்தது. ஆதலின், மலாய்மொழியைக் கற்கும் தேவையும் வாய்ப்பும் தொழிலாளருக்கு அருகின.

இரண்டாவது தேர்வு 1957-இல் நாடு விடுதலை பெற்றபின் வந்தது. விடுதலைக்கு முன் கூட்டரசில் பிறந்தோர் குடிமக்களாகப் பதிவுபெற மலாய்மொழியில் தொடக்கநிலை அறிவு வேண்டுமென அரசமைப்புச் சட்டத்தின் 16-ஆம் விதி கூறியது. இயல்புரிமைக் குடியுரிமை நாடுவோர்க்குப் போதிய அறிவு வேண்டுமென்றது 19-ஆம் விதி. விடுதலைநாளில் இங்கு வாழ்ந்தோருள் 45 வயது நிரம்பி, ஓராண்டுக்குள் விண்ணப்பித்தோர் மொழித் தகுதியிலிருந்து விலக்குப் பெற்றனர். அக்காலக்கெடுவைத் தவறவிட்டோர் மொழித்தகுதியை மெய்ப்பிக்க வேண்டியவராயினர். 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடிமக்களல்லாதார்க்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்கியபோது அத்தவற்றின் விலை புலனாயிற்று. பல்லாயிரவர் இந்தியா திரும்பினர்; எஞ்சியோருள் பலர் சிவப்பு அடையாள அட்டையுடன் முதுமை எய்தினர். 2018-இல், 60 வயது கடந்த இத்தகைய இந்தியர் 3,407 பேர்க்குக் குடியுரிமை வழங்க அரசு இசைந்தமை, இச்சிக்கல் எத்துணைக் காலம் நீடித்தது என்பதற்குச் சான்றாகும்.

குடியுரிமை இழப்பிற்கு மொழி மட்டுமே காரணமன்று. பிறப்புச் சான்றின்மை, விதிகளை அறியாமை, தாயகம் திரும்பும் எண்ணம் ஆகியனவும் காரணங்களாம். ஒரு நாட்டின் பொதுமொழியைக் குடிமக்கள் அறிதல் வேண்டும் என்பதும் மறுக்கவியலாதது. எனினும், முதல் தேர்வில் துரைமார் பெற்ற தேர்ச்சிக்கும் இரண்டாம் தேர்வில் தொழிலாளர் உற்ற இடர்ப்பாட்டிற்கும் தொடர்புண்டு. துரை தமிழ் கற்றதனால் தோட்டம் தமிழிலேயே இயங்கியது. அவ்வாறு இயங்கியதனாலேயே தொழிலாளர் மலாய்மொழிக்கு அயலாராய் நின்றனர். துரைக்குத் தேர்வுக்கு முன் பாடநூலும் பயிற்சியும் வாய்த்தன. தொழிலாளருக்கோ கற்பிப்பாரின்றித் தேர்வு மட்டுமே வாய்த்தது. மொழித் தேர்வுகளை வகுப்போரும் நடத்துவோரும் இவ்வேறுபாட்டை முதற்கண் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.