பதக்கம் ஊமை, தாள் பேசும்

இரண்டாம் உலகப் போரில் ஒவ்வொரு ஜெர்மன் சிப்பாயின் சட்டைப் பையிலும் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. பெயர் ‘ஸோல்ட்பூக்’. சம்பளப் புத்தகம் என்று பொருள். அடையாள அட்டையும் அதுவேதான். புரட்டினால் ஒரு மனுசனையே கணக்கெடுத்து வைத்திருப்பது தெரியும். பிறந்த தேதி, உயரம், தலைமுடி நிறம், கண் நிறம், செருப்பு அளவு, ரத்தப் பிரிவு, போட்டுக்கொண்ட தடுப்பூசிகள், படுத்த ஆஸ்பத்திரிகள், வாங்கிய துப்பாக்கியின் எண், போன விடுப்பு, கிடைத்த பதக்கம். அப்பா அம்மா பெயரும் மனைவி பெயரும்கூட உண்டு. செத்தால் யாருக்குச் சொல்வது என்பதற்காக.

எண்பது வருசம் கழித்து இந்தப் புத்தகங்கள் உலகம் முழுக்க ஏலத்தில் விற்கின்றன. வாங்குவதற்கு ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. ‘நாஜிக்காரன் குப்பையை எதுக்குய்யா காசு குடுத்து வாங்குறாங்க?’ என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடிப் போனால் பாதை நம் ஊர்ப் பழைய பேப்பர் கடையில் வந்து முடிகிறது.

முதலில் பதக்கத்தையும் தாளையும் பிரித்துப் பார்க்கலாம். இரும்புச் சிலுவை என்ற பதக்கத்தை 1813இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியம் தொடங்கினார். 1939இல் ஹிட்லர் அதைப் புதுப்பித்தார். அதன் இரண்டாம் வகுப்பை மட்டும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். பதக்கத்தில் வாங்கியவர் பெயர் கிடையாது. எது யாருடையது என்று உலோகம் சொல்லாது. கூடவே கொடுத்த சான்றிதழில்தான் பெயர், பதவி, படைப்பிரிவு, தேதி, அதிகாரியின் கையெழுத்து எல்லாம் இருக்கும். அதனால்தான் விவரம் தெரிந்த சேகரிப்பாளர் பதக்கத்தைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் தாளைக் கேட்பார்.

கழுத்தில் தொங்கிய அடையாளத் தகட்டிலும் பெயர் கிடையாது. சேர்ந்த முதல் பிரிவு, ஒரு எண், ரத்தப் பிரிவு, அவ்வளவுதான். நடுவில் துளைக்கோடு போட்டிருக்கும். ஆள் செத்தால் தகட்டை இரண்டாக ஒடித்து, ஒரு பாதியை உடலோடு விட்டுவிட்டு மறுபாதியை மேலே அனுப்புவார்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் பெர்லினில் 1939 ஆகஸ்டில் தொடங்கிய தகவல் அலுவலகத்தில் இருந்தது. அங்கே சேர்ந்த அட்டைகள் ஒரு கோடியே எண்பது லட்சம் பேருக்கும் மேல். 2019இல் அந்த அலுவலகம் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தோடு இணைந்தது. இன்றைக்கும் ரஷ்யப் பக்கம் ஒரு எலும்புக்கூடு கிடைத்தால், தகட்டின் எண்ணை அந்த அட்டைகளோடு ஒப்பிட்டுத்தான் பெயரைக் கண்டுபிடிக்கிறார்கள்.

சேகரிப்பின் அசிங்கமான பக்கமும் இங்கேதான். மெட்டல் டிடெக்டரோடு காட்டுக்குள் போய், எலும்பை அப்படியே விட்டுவிட்டு, தகட்டை மட்டும் எடுத்து விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். தகடு போனால் அந்த எலும்புக்குப் பெயரும் போச்சு. யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் ஓர் எண் இருக்கும், மண்ணுக்குள் ஓர் ஆள் இருப்பார். இரண்டையும் சேர்க்க இனி யாராலும் முடியாது.

நல்ல பக்கமும் உண்டு. 1945 ஏப்ரல் 14 அன்று நேச நாட்டு விமானங்கள் போட்ஸ்டாம் நகரத்தின் மேல் குண்டு போட்டன. அங்கிருந்த ராணுவக் காப்பகம் எரிந்தது. முதல் உலகப் போரில் சண்டையிட்ட பிரஷ்யப் படைகளின் ஆவணங்களில் பெரும்பகுதி அதில் சாம்பல். அந்தச் சிப்பாய்களைப் பற்றிப் பல சமயம் மிஞ்சியிருப்பது, வீட்டுப் பரணில் கிடந்த ராணுவப் பாஸ்புத்தகமும் ஒரு போட்டோவும்தான். அரசாங்கம் தொலைத்ததைப் பாட்டிகளின் டிரங்குப் பெட்டி காப்பாற்றியிருக்கிறது.

இந்தக் கதையில் நம் ஆட்களும் வருகிறார்கள். 1941 ஏப்ரலில் சுபாஷ் சந்திர போஸ் பெர்லின் போய்ச் சேர்ந்தார். வட ஆப்பிரிக்காவில் ரோமலின் படையிடம் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களிடமிருந்து ஆள் திரட்டி ‘சுதந்திர இந்தியப் படை’ உருவானது. ஜெர்மன் ராணுவக் கணக்கில் அது 950ஆம் காலாட்படை ரெஜிமென்ட். எண்ணிக்கை மூவாயிரத்துக்குள். ஜெர்மன் சீருடை, தோளில் பாயும் புலிச் சின்னம், சீக்கியர்களுக்குத் தலைப்பாகை. 1943இல் நெதர்லாந்துக் கடற்கரையிலும் பிறகு பிரான்சின் மேற்குக் கரையிலும் காவல் நின்றார்கள். 1944 ஆகஸ்டில் படையை அப்படியே வாஃபன் எஸ்.எஸ். பிரிவுக்கு மாற்றி எழுதிவிட்டார்கள். சிப்பாய்களைக் கேட்டு யாரும் செய்யவில்லை. தாளில் ஒரு வரி மாறியது, அவ்வளவுதான்.

போஸ் 1942இல் தொடங்கிய ஆஸாத் ஹிந்த் பதக்கங்களும், பெர்லினில் அச்சடித்துக் கடைசிவரை தபாலில் ஓடாத ஆஸாத் ஹிந்த் தபால் தலைகளும் இன்றைக்குச் சேகரிப்பாளர்களிடம் சுற்றுகின்றன. அவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்தப் படையின் போட்டோக்கள். 1944 பிப்ரவரியில் ரோமல் வந்து பார்வையிட்ட படங்கள் ஜெர்மன் காப்பகத்தில் இருக்கின்றன. ரோமலுக்குத் தலைப்பு இருக்கிறது. எதிரே நிற்கிற தலைப்பாகைக்காரருக்குப் பெயர் எங்கே? அவருடைய ஸோல்ட்பூக் எங்காவது கிடைத்து, முகமும் பெயரும் ஒன்றுசேர்ந்தால், பஞ்சாபிலோ வேறெங்கோ ஒரு குடும்பத்துக்குத் தாத்தா திரும்பக் கிடைப்பார்.

தாள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. மீஞ்சூரிலிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டருக்குள் சென்னைத் துறைமுகம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் அங்கே வந்து சுமார் 130 குண்டுகளைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அந்தப் பயம் தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. இன்றைக்கும் ‘அவன் பெரிய எம்டன்டா’ என்கிறோம்.

அந்தக் கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார், அவர்தான் வழிகாட்டினார் என்றொரு கதை தமிழ்நாட்டில் நூறு வருசமாக ஓடுகிறது. திருவனந்தபுரத்தில் 1891இல் பிறந்த செண்பகராமன் உண்மையிலேயே பெரிய ஆள். பெர்லினில் இந்தியப் புரட்சியாளர்களோடு வேலை செய்தவர். ஆனால் 1914இன் நடுவில் அவர் சூரிச்சில் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். எம்டன் அப்போது சீனக் கடற்கரையில், சிங்தாவோ துறைமுகத்தில் இருந்தது. கப்பலில் கேப்டனுக்கு அடுத்த அதிகாரி ஹெல்முத் ஃபான் முக்கே. அவரே பின்னால் புத்தகம் எழுதியிருக்கிறார். செண்பகராமன் கப்பலில் இருந்ததற்கு ஒரு சேவைப் புத்தகமோ, ஒரு பதக்கச் சான்றிதழோ, பெயர் எழுதிய ஒரு போட்டோவோ இதுவரை யாரும் காட்டவில்லை. ஆசை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு தாள் இருக்க வேண்டிய இடத்தை அது நிரப்பாது.

தாள் இருந்தாலே உண்மை வந்துவிடும் என்றும் இல்லை. போலிகள் ஏராளம். உண்மையான புத்தகத்தில் பல வருசங்களில் பல குமாஸ்தாக்கள் எழுதியிருப்பார்கள். மை மாறும், கையெழுத்து மாறும், பதவி படிப்படியாக ஏறும். போலியில் எல்லாம் ஒரே கை, ஒரே மை. போட்டோவின் ஓரத்தில் விழுந்த முத்திரை பக்கத்திலும் சரியாகத் தொடர வேண்டும். தொடராவிட்டால் முகத்தை மாற்றியிருக்கிறார்கள். புற ஊதா விளக்கில் தாள் பளீரென்று நீலமாக மின்னினால், அது போருக்குப் பிறகு வந்த வெளுப்புப் பொருள் சேர்த்த காகிதம். கதை அங்கேயே முடிந்தது.

போட்டோ இன்னும் ஆபத்தானது. ஜெர்மன் ராணுவத்தின் குற்றங்களைப் பற்றி ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் 1995இல் ஒரு கண்காட்சியைத் தொடங்கியது. சிப்பாய்கள் எடுத்த படங்களும் அதில் இருந்தன. ‘அப்பாக்கள் வெறும் சிப்பாய்கள்தான், கொலையெல்லாம் வேறு ஆட்கள் செய்தது’ என்ற நம்பிக்கையை அது உடைத்தது. ஆனால் சில படங்களில் கிடந்த பிணங்கள் சோவியத் ரகசியப் போலீஸ் கொன்றவர்களுடையவை என்று வரலாற்றாளர் போக்டான் முஷியாவ் 1999இல் காட்டினார். கண்காட்சியை நிறுத்தினார்கள். சரிபார்த்து 2001இல் புதிதாகத் திறந்தார்கள். அடிப்படைக் குற்றச்சாட்டு அப்படியே நின்றது, படத் தலைப்புகள் மாறின. போட்டோவின் பின்பக்கம் யார், எங்கே, எப்போது என்று பென்சிலில் எழுதாமல் விட்டதற்கு ஒரு நாடே கொடுத்த விலை அது.

இங்கே ஸ்வஸ்திகா முத்திரையைப் பார்த்துக் கிளுகிளுப்படைகிற பையன்களும் இருக்கிறார்கள். நடைபாதைக் கடையில் ஹிட்லரின் சுயசரிதை இன்றைக்கும் விற்கிற ஊர் நம்முடையது. அந்தப் புத்தகத்தின் முத்திரைக்காக அதை வாங்குகிறவருக்கும், செருப்பு அளவு எழுதிய பக்கத்துக்காக வாங்குகிறவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. முதல் ஆள் ஒரு கட்சியைக் கும்பிடுகிறார். இரண்டாம் ஆள், அந்தக் கட்சி இந்த இருபது வயசுப் பையனை வைத்து என்ன செய்தது, இவன் யாரை என்ன செய்தான் என்று கேட்கிறார்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். அதே போரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சேர்ந்தவர்கள் இருபத்தைந்து லட்சம் பேர். சென்னை மாகாணத்திலிருந்தும் ஏராளமானவர்கள் போனார்கள். மலேயா ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். 1972இல் மத்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தபோது கேட்ட முதல் கேள்வி: ஆறு மாசம் உள்ளே இருந்ததற்குச் சான்று எங்கே? ரங்கூனிலும் சிங்கப்பூரிலும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பியவர் எந்தத் தாளை நீட்டுவார்? போரில் தாள் கையில் இருந்தால் தூக்கு மேடை, சமாதானத்தில் கையில் இல்லாவிட்டால் பட்டினி.

அந்தத் தாத்தாக்கள் போய்விட்டார்கள். பாட்டிகளும் போகிறார்கள். பரண் காலியாகிறபோது டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட், குரூப் போட்டோ, மடங்கிய மணியார்டர் ரசீது எல்லாம் கிலோ கணக்கில் பேப்பர்காரர் தராசில் ஏறுகின்றன. எங்கள் பக்கம் மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டிவரை கம்பெனி கேட்டில் தினமும் ஆயிரக்கணக்கான அடையாள அட்டைகள் கழுத்தில் தொங்குகின்றன. காண்டிராக்ட் முடிந்ததும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பத்து வருசம் அங்கே உழைத்தேன் என்று சொல்ல ஒருவர் கையில் என்ன மிஞ்சும்?

சேகரிப்பாளர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஓர் ஆளின் சாமான்களைப் பிரிக்காமல் ஒன்றாக வையுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், தாள் உள்ளேயே கெடும். துருப்பிடித்த பின்னைக் கழற்றிவிடுங்கள். இன்றைக்கே போட்டோவைத் திருப்பி, பெரியவர் யாராவது உயிரோடு இருக்கும்போதே, யார் யார் என்று கேட்டுப் பென்சிலில் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். ‘இடமிருந்து மூணாவது, எங்க தாத்தா’ என்று ஒரு வரி போதும்.