விறகு அறுக்கும் சங்கிலி ரம்பம்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம்

சங்கிலி ரம்பம் என்பது சிறு பெட்ரோல் இயந்திரத்தால் பற்சங்கிலியை ஓட்டி மரம் அறுக்கும் கைக்கருவி. ஊர்ப்பேச்சில் ‘செயின்சா’ அல்லது ‘மரம் அறுக்குற மிஷின்’. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளில் இதற்கு வேலை கொடுப்பது பெரும்பாலும் ஒரே மரம்தான்: சீமைக்கருவேலம். ஆகவே இங்கே ரம்பம் வாங்கப் போகிறவர் கடைக்குப் போகுமுன் தம் புஞ்சையில் நிற்கும் மரத்தைப் பார்ப்பது நல்லது.

அமெரிக்க வெப்ப நாடுகளைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் 1877 வாக்கில் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதிக்கு வந்தது. விறகுக்கும் வேலிக்கும் என்று பரப்பப்பட்டது. பிறகு கண்மாய், ஊருணி, தரிசு என எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. இதை அகற்றும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் ஆணையிட்டது. அயல் களைத் தாவரங்கள் பற்றிய கொள்கையைத் தமிழக அரசு 2022இல் வெளியிட்டது. ஆனாலும் மழை பொய்த்த ஆண்டுகளில் கரிமூட்டத்துக்கும் அடுப்புக்கும் கைகொடுத்தது இந்த மரமே என்பதை இவ்வட்டாரத்து மக்கள் மறக்கவில்லை.

இந்த மரம் ஒற்றை அடிமரமாக நிற்பது அரிது. ஒரே தூரிலிருந்து நாலைந்து கிளைகள் சாய்ந்தும் பின்னியும் கிளம்பும். பெரும்பாலானவை கைப்பருமன் முதல் தொடைப்பருமன் வரை. கட்டை கனமானது, காய்ந்தால் இன்னும் இறுகும். இந்தக் காரணத்தால்தான் நீளமான ரம்பம் இங்கே வீண். சங்கிலி ஓடும் தகடு 16 அங்குலம் இருந்தால் போதும். பழைய வேம்பையோ நாட்டுக்கருவேலத்தையோ எப்போதாவது அறுக்க வேண்டியிருந்தால் 18 அங்குலம். 22 அங்குலத் தகட்டை வாங்கியவர் அதன் நுனியை முள்ளுக்குள் விட்டுவிட்டுத் திணறுவார்.

இயந்திரம் 40 முதல் 50 சிசி கொள்ளளவில், 2 கிலோவாட்டுக்குக் குறையாத திறனுடன் இருக்கலாம். 35 சிசிக்குக் கீழ்ப்பட்டவை மிலாறு கழிக்கப் போதும், காய்ந்த கட்டையில் திணறும். 60 சிசிக்கு மேற்பட்டவை நாள்முழுதும் மரம் அறுப்பவருக்கானவை. ‘58 சிசி’ என்ற ஒட்டுத்தாளை மட்டும் நம்பி விலை மலிந்த மிஷினை எடுப்பதைவிட, திறன் கிலோவாட்டில் எவ்வளவு, எடை எவ்வளவு, உதிரிபாகம் அருப்புக்கோட்டையிலோ மதுரையிலோ கிடைக்குமா என்று கேட்பது மேல். குனிந்து, முள்ளை ஒதுக்கி, ஒரு காலை மேட்டில் ஊன்றி அறுக்கும் வேலையில் ஒரு கிலோ கூடினாலும் இடுப்பு சொல்லிவிடும். தகடும் சங்கிலியும் நீங்கலாக 5 கிலோ வரை உள்ளது ஏற்றது. உதாரணமாக, 45.4 சிசி கொண்ட, ஸ்டீல் (Stihl) நிறுவனத்தின் எம்.எஸ். 250 ரம்பம் ஏறத்தாழ 4.6 கிலோ எடையும் 2.3 கிலோவாட் திறனும் உடையது.

சங்கிலித் தடை கட்டாயம் வேண்டும். தகட்டு நுனியின் மேற்பகுதி எதிலாவது பட்டால் ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளும். பின்னிய கிளைகளுக்குள் அறுக்கும்போது இது நேரச் சாத்தியம் மிக அதிகம். நுனியால் அறுக்காமல், தகட்டின் கீழ்விளிம்பை இயந்திரத்தை ஒட்டிய பகுதியில் வைத்து அறுக்க வேண்டும். கண்ணாடி, காதடைப்பு, கனத்த காலணி இல்லாமல் இறங்கக்கூடாது. முதலில் அரிவாளால் முட்கொப்பைக் கழித்துவிட்டு ரம்பத்தை எடுப்பது கருவேலங்காட்டில் பழகியவர்களின் வழக்கம், அதுவே சரி.

ரம்பத்தை உண்மையில் தீர்ப்பது மண். தூரை ஒட்டி அறுக்கும்போது கரிசல் மண்ணும் சரளைக் கல்லும் ஒரு நொடியில் பல்லை மழுக்கிவிடும். பல் மழுங்கியதன் அடையாளம் எளிது: கூரான சங்கிலி சீவலை உதிர்க்கும், மழுங்கியது மாவை உதிர்க்கும். 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மி.மீ. உருட்டு அரத்தை, பல்லின் மேற்கோட்டின் சாய்வை ஒட்டி, எல்லாப் பல்லிலும் ஒரே எண்ணிக்கை இழுப்பாக இழுக்க வேண்டும். ரம்பம் வாங்கும் அன்றே அரமும் ஒரு மாற்றுச் சங்கிலியும் வாங்காதவர் பாதி ரம்பம்தான் வாங்கியிருக்கிறார். பச்சையாக இருக்கும்போதே அறுத்துவிட்டு வெயிலில் காயவைத்தால் சங்கிலி பிழைக்கும்.

எரிபொருளில் டூ-ஸ்ட்ரோக் எண்ணெயைக் கையேடு சொல்லும் அளவில் கலக்க வேண்டும்: 50:1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் அறுப்பவர் தொட்டியைக் காலி செய்து, கார்புரேட்டரில் உள்ளதும் தீர ஓட்டி அணைத்துவிட்டு வைக்கட்டும். சங்கிலி எண்ணெய்க்குப் பதில் கழிவு எஞ்சின் எண்ணெயை ஊற்றினால் பம்ப் அடைத்துக்கொள்ளும்.

பட்டா நிலத்தில் நிற்கும் கருவேலத்தை அறுப்பதும் கண்மாயில் நிற்பதை அறுப்பதும் ஒன்றல்ல. கண்மாய் மரம் ஏலத்துக்கு உரியது. பனையை வெட்டவோ மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை.

அறுத்த தூரிலிருந்து அடுத்த மழையில் மறுபடி தளிர் கிளம்பும். நிலத்தை உழவுக்கு மீட்க நினைப்பவருக்கு ரம்பம் பாதி வேலையே செய்யும். மீதியை மண்வெட்டியோ ஜேசிபியோதான் செய்யும். பறித்த தூர்க்கட்டையை மண் உதிரத் தட்டி, கோடாலியால் பிளந்து, மூட்டத்துக்கு அனுப்பலாம். அதன்மேல் சங்கிலியை வைக்கக்கூடாது.