துறைமுகமும் கண்காணாப் பகையும்

ஒரு மாலைப்பொழுதில் காட்டுப்பள்ளித் துறைமுகச் சாலையோரம் நின்றிருந்தேன். சரக்குப் பெட்டகம் ஏற்றிய லாரிகள் வாயிலை நோக்கி அணிவகுத்திருந்தன. அலையைத் தடுக்கக் கற்சுவர் உண்டு. வாயிலைக் காக்கக் காவலர் உண்டு. ஆயினும் எந்தப் பெட்டகம் எந்தக் கப்பலுக்கு உரியது என்பதை அறிந்திருப்பது கணினி. அது ஊமையானால் லாரி நகராது. அவ்வெண்ணம் என்னை இரண்டு பழைய நிகழ்ச்சிகளுக்கு இட்டுச் சென்றது.

1914 செப்டம்பர் 22 இரவு, தெற்கே சென்னைத் துறைமுகத்தை எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் குண்டு வீசித் தாக்கியது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. போர்க்காலமாயிருந்தும் நகரம் விளக்குகளை அணைக்காமல் இருந்தது. கெட்டிக்காரனை 'எம்டன்' என்று நாம் அழைப்பது அன்று பிறந்த வழக்கு.

2017 ஜூன் 27-இல் வந்த பகைக்குக் கப்பலே இல்லை. உக்ரைன் நாட்டுக் கணக்கு மென்பொருள் ஒன்றின் புதுப்பிப்பில் 'நாட்பெட்யா' என்னும் நச்சு நிரல் ஒளிந்திருந்தது. சில மணி நேரத்தில் டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் முடங்கியது. அதனைச் சேர்ந்த, மும்பைக்கு அருகேயுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்து முனையமும் தடுமாறியது. கணினி செய்த வேலையைக் கையால் செய்ய முயன்றார்கள். மீட்புப் பணம் கேட்டது அந்நிரல். கொடுத்தாலும் கோப்புகள் திரும்பா. அது அழிக்கவே பிறந்தது.

ஊழியர் எவரோ ஆகாத மடலைத் திறந்துவிட்டார் என்று பழியைக் கடைநிலையில் இறக்கிவைப்பது நிர்வாகங்களுக்கு எளிது. இங்கோ நம்பிக்கைக்குரிய மென்பொருளே வாயிலாயிற்று. உள்ளே நுழைந்தபின் அது பரவியது இரு வழிகளில். ஒன்று, விண்டோஸில் இருந்த ஓட்டை. அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. மற்றொன்று இன்னும் கொடியது. ஒரு கணினியின் நினைவகத்தில் கிடந்த கடவுச்சொற்களைத் திருடி, அவற்றைக் கொண்டே அடுத்த கணினியைத் திறந்தது. ஆகவே ஓட்டையை அடைத்திருந்த கணினிகளும் தப்பவில்லை. ஒரே சாவி எல்லாக் கதவுகளுக்கும் பொருந்தும் வீட்டில் பூட்டு எதற்கு? எவருக்கும் தம் வேலைக்கு வேண்டிய அளவே உரிமை தருவதும், பிரிவுக்குப் பிரிவு வலையமைப்பைத் தடுத்து வைப்பதும் அதனாலேயே அவசியமாயின.

நகல் வைத்திருந்தார்களா என்று கேட்பீர்கள். நிறுவனத்துள் யார் எதைத் திறக்கலாம் என்னும் பதிவேட்டைக் காக்கும் தலைமைக் கணினிகள் உலகெங்கும் ஒன்றுக்கொன்று நகலாகவே இருந்தன. ஆனால் எல்லாம் ஒரே வலையில் இணைந்திருந்தபடியால் எல்லாம் அழிந்தன. கானா நாட்டு அலுவலகத்தில் ஒன்று மட்டும் பிழைத்தது. தாக்குதலுக்குச் சற்று முன் அங்கே மின்தடை! மின்தடையை வைதே பழகிய நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும். கானா ஊழியர் எவரிடமும் பிரிட்டன் செல்ல அனுமதி இல்லை. ஒருவர் அந்த வட்டினை நைஜீரியா விமான நிலையம்வரை கொண்டுபோய்க் கொடுக்க, இன்னொருவர் அதைச் சுமந்து லண்டனுக்குப் பறந்தார்.

ஏறத்தாழ பத்து நாளில் 4,000 சேவையகங்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவினார்கள். மெர்ஸ்க் கணக்கிட்ட இழப்பு 25 கோடி முதல் 30 கோடி டாலர்வரை.