ரீகனும் இரண்டு குழாய்களும்

1985, ஜூலை 12. வெள்ளிக்கிழமை. அமெரிக்க ஜனாதிபதி ரொனால்ட் ரீகன் பெதஸ்டா கடற்படை மருத்துவமனைக்குப் போனார். வயது 74. பெருங்குடலில் சின்னதாக ஒரு பாலிப் இருப்பது மார்ச் மாதமே தெரிந்திருந்தது. அதை எடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்பதுதான் திட்டம்.

பாலிப் என்றால் குடலின் உள்சுவரில் மரு மாதிரி முளைக்கிற சதை. பெரும்பாலும் சாது. சிலது மட்டும் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வளர்ந்து புற்றுநோயாகும். வலிக்காது. அதுதான் வில்லங்கமே.

1984 மே மாதமும் ரீகனுக்கு ஒன்று அகப்பட்டது. சோதித்துப் பார்த்து, புற்றுநோய் இல்லை என்றார்கள். இரண்டு தடவையும் உள்ளே போனது குட்டைக் குழாய்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். பெருங்குடலின் நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். பழைய விறைப்பான உலோகக் குழாய் எட்டுவது 25 சென்டிமீட்டர். வளைகிற சிக்மாய்டோஸ்கோப், 60 சென்டிமீட்டர். கடைசி மூலைவரை போகிற கொலோனோஸ்கோப் மட்டும்தான் ஆளுயரம். முதல் நாலு மாச வவுச்சரைப் புரட்டிவிட்டு ஆடிட்டர் முழு வருஷத்துக்கும் கையெழுத்துப் போட்டால் எப்படி? (காமர்ஸ் படித்தவனுக்கு இப்படித்தான் உதாரணம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நீளக் குழாய் அன்றைக்கு ஒன்றும் புதுசில்லை. நியூயார்க் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் ஹிரோமி ஷின்யா, வில்லியம் உல்ஃப் என்ற இரு டாக்டர்கள் 1969-லேயே அதைக் கையாள ஆரம்பித்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான மெல்லிய கண்ணாடி இழைகள் வழியாக டாக்டர் ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். ஓர் இழை முறிந்தால் காட்சியில் ஒரு கரும்புள்ளி. 1983-ல் வெல்ச் ஆலின் கம்பெனி நுனியில் மின்னணுக் கண்ணைப் பொருத்தி, டி.வி. திரையில் காட்டியது. ஆனால், ஷின்யா செய்த வேலைதான் பெரிசு. கம்பிச் சுருக்கு ஒன்றைக் குழாய் வழியாக அனுப்பி, பாலிப்பின் கழுத்தில் மாட்டி, மின்சாரத்தால் சுட்டு அறுத்தார். அதுவரை, குடலுக்குள் தூரத்தில் இருக்கிற பாலிப்பை எடுக்க வயிற்றையே திறந்தாக வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை ரீகனுக்குள் போனது இந்த நீளக் குழாய். தெரிந்த பாலிப்பை எடுத்தார்கள். அதோடு நிற்காமல் மேலே போனார்கள். சிறுகுடல் வந்து சேருகிற கடைசி முனையில், பெரிய கட்டி! குட்டைக் குழாய் கனவிலும் எட்டாத இடம். சுருக்குக்கும் அடங்காத சைஸ்.

மறுநாளே ஆபரேஷன். துணை ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷிடம் அதிகாரத்தை எழுதிக் கொடுத்துவிட்டு மயக்கத்துக்குப் போனார் ரீகன். சுமார் எட்டு மணி நேரம் புஷ்தான் பொறுப்பு. இரண்டடிக் குடல் வெட்டப்பட்டது. திங்கட்கிழமை ரிசல்ட்: புற்றுநோய். நல்லவேளை, பரவியிருக்கவில்லை.

'நீளக் குழாயை முதலிலேயே விட்டிருந்தால் என்ன?' என்று டாக்டர்கள் சிலர் பகிரங்கமாகவே கேட்டார்கள். நியாயமான கேள்வி. குட்டைக் குழாயில் சௌகரியம் உண்டு. முழுக் குடலையும் பேதி மருந்தால் கழுவ வேண்டாம், பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டாம், சில நிமிஷங்களில் வேலை முடியும். ஆனால் அது 'ஒன்றுமில்லை' என்றால், 'நான் பார்த்தவரைக்கும்' என்று நீங்கள்தான் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

ரீகன் அதற்குப் பிறகு ஏறக்குறைய 19 வருஷம் இருந்தார். 2004 ஜூனில், 93 வயதில் இறந்தபோது, அல்ஸைமரோடு நிமோனியாவும் சேர்ந்திருந்தது. குடல் காரணமில்லை.