குழந்தைகளின் அசைவுக் கற்பனையும் உடல்தகுதியும்

உடலை அசைக்காமல் ஓர் அசைவை மனத்துக்குள் நிகழ்த்திப் பார்க்கும் திறன் அசைவுக் கற்பனை எனப்படுகிறது. தாண்டுவதற்கு முன் தாண்டலை மனத்தில் காண்பது இதற்கு எளிய உதாரணம். இத்திறன் குழந்தைகளிடம் எப்போது உருவாகிறது, உடல்தகுதியுடன் அதற்கு என்ன தொடர்பு என்னும் கேள்விகள் 20-ஆம் நூற்றாண்டில் ஆய்வுக்கு வந்தன.

பின்னணி

ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள படவேடு, சம்புவராயர்களின் தலைநகராக இருந்த ஊர். படைவீடு என்பதே படவேடு என மருவியது. 14-ஆம் நூற்றாண்டில் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் சம்புவராயரை வென்றதைக் கங்காதேவியின் 'மதுரா விஜயம்' கூறுகிறது. 1989-ல் உருவான மாவட்டத்துக்குத் திருவண்ணாமலை சம்புவராயர் என்றே முதலில் பெயரிடப்பட்டது. ஊரின் பெயரிலேயே படை இருப்பதுபோல, உடற்பயிற்சி என்பது நெடுங்காலம் போரைச் சார்ந்ததாகவே இருந்தது. காலனிய காலப் பள்ளிகளுக்கு அது 'டிரில்' வடிவில் வந்தது. ஆசிரியர் கட்டளையிட, மாணவர்கள் ஒரே நேரத்தில் கைகால்களை அசைத்தனர்.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான ஹாரி குரோ பக். அவர் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கு பயின்ற ஆசிரியர்கள் வழியாக விளையாட்டு பள்ளிக் கல்வியின் பகுதியாகப் பரவியது. டிரில்லில் அடுத்த அசைவு என்ன என்பதைக் கட்டளை சொல்லிவிடும். விளையாட்டில் அதை ஆடுபவரே முன்கூட்டிக் காண வேண்டும்.

ஆய்வு வரலாறு

1930-களின் தொடக்கத்தில் எட்மண்ட் ஜேக்கப்சன், கையை மடக்குவதாகக் கற்பனை செய்பவரின் தசையில் மெல்லிய மின்மாற்றம் ஏற்படுவதை அளந்து காட்டினார். 1966-ல் ழான் பியாஜே, பார்பெல் இன்ஹெல்டர் இருவரும் வெளியிட்ட நூல், சிறு குழந்தைகளின் மனப்படிமங்கள் பெரும்பாலும் அசைவற்றவை என்றும், அசைவையும் மாற்றத்தையும் கற்பனை செய்யும் திறன் ஏறத்தாழ 7, 8 வயதில் உருவாகிறது என்றும் கூறியது.

1989-ல் டெசெட்டி, ழானெரோ, பிராப்லாங்க் ஆகியோர் பெரியவர்களுக்கு ஓர் இலக்கைக் காட்டிக் கண்ணைக் கட்டினர். இலக்குவரை நடக்க ஆன நேரமும், நடப்பதாகக் கற்பனை செய்ய ஆன நேரமும் நெருங்கியிருந்தன. குழந்தைகளிடம் செய்த பிற்கால ஆய்வுகளில் இவ்விரு நேரங்களும் 5 வயதில் அதிகம் பொருந்தவில்லை. 12 வயதுக்குள் பொருத்தம் படிப்படியாகக் கூடியது.

தமிழ்நாட்டுக் குழந்தைகளின் பாண்டி ஆட்டத்தில் இதற்கு நெருங்கிய ஒரு சுற்று உண்டு. கண்ணை மூடி, கோட்டை மிதிக்காமல் கட்டங்களைக் கடக்க வேண்டும். கட்டத்தின் அளவையும் தன் காலடியின் அளவையும் மனத்தில் வைத்திருக்கும் குழந்தையே அதில் வெல்கிறது.

உடல்தகுதியுடன் தொடர்பு

1992-ல் யூ, கோல் இருவரும் செய்த ஆய்வில், சுண்டுவிரல் தசையை நான்கு வாரம் உண்மையாகவே இயக்கியவர்களின் வலிமை 30 சதவீதமும், இயக்குவதாகக் கற்பனை மட்டும் செய்தவர்களின் வலிமை 22 சதவீதமும் கூடின. தசை பெருப்பதற்கு முன்பே, அதை இயக்கும் நரம்புக் கட்டளை மேம்படுவது இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இவ்வாய்வு பெரியவர்களிடம் செய்யப்பட்டது. மூச்சுத்திறனும் இதயத்தின் தாங்குதிறனும் கற்பனையால் வளர்வதில்லை. அவற்றுக்கு ஓட்டமே வேண்டும்.

அசைவு ஒருங்கிணைப்பில் இடர்ப்படும் குழந்தைகளிடம் அசைவுக் கற்பனையும் பலவீனமாக இருப்பதை 1990-களின் ஆய்வுகள் சுட்டின. 2002-ல் வில்சன், தாமஸ், மாரஃப் ஆகியோர் இத்தகைய 7 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்குக் கற்பனைப் பயிற்சி அளித்தனர். வழக்கமான அசைவுப் பயிற்சி பெற்றவர்களுக்கு இணையாக அவர்களும் முன்னேறினர்.

முக்கியத்துவம்

அசைவுக் கற்பனை நன்கு அமைந்த குழந்தை புதிய விளையாட்டை எளிதில் கற்கிறது. விளையாடும் குழந்தைக்கே கற்பனை செய்வதற்கான உடல் அனுபவமும் சேர்கிறது. ஒன்று மற்றொன்றை வளர்ப்பதால், எது காரணம் எது விளைவு எனப் பிரிப்பது கடினம். இடர்ப்படும் குழந்தை கேலிக்கு அஞ்சி ஒதுங்கும்போது இரண்டையும் ஒருசேர இழக்கிறது.

தேர்வு நெருங்கும்போது விளையாட்டு நேரம் பிற பாடங்களுக்கு எடுத்துக்கொள்ளப்படுவது பள்ளிகளில் வழக்கம். அப்போது குறைவது உடற்பயிற்சி மட்டுமல்ல, தன் உடலை மனத்தால் அறியும் வாய்ப்பும்தான். மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் குழந்தைக்கே அந்த நேரம் மிகுதியாகத் தேவைப்படுகிறது.