குற்றம், முறிவு, உடன்பாடு: மணவிலக்குச் சட்டம் கடந்து வந்த பாதை

திருமணச் சடங்கு ஏன் தோன்றியது என்பதற்குத் தொல்காப்பியக் கற்பியல் ஒரு காரணம் கூறுகிறது. காதலித்தவரை அறியேன் என்று மறுப்பதும், கொடுத்த வாக்கிலிருந்து பிறழ்வதும் சமுதாயத்தில் தலைகாட்டியதனால், பெரியோர் அதனை வகுத்தனர் என்பது அதன் கருத்து. வாழ்க்கையில் ஒரு சிக்கல் எழுகிறது. அதனைத் தீர்க்க ஒரு நெறி பிறக்கிறது. திருமணத்திற்குப் பொருந்தும் இவ்வுண்மை மணவிலக்கிற்கும் பொருந்தும். சிங்கப்பூர், மலேசிய நாடுகளின் சட்ட வரலாறே இதற்குச் சான்று.

தமிழகச் சிற்றூர்களில் பல சமூகத்தாரிடையே, ஊர்ப் பெரியோர் முன்னிலையில் மண உறவைத் தீர்த்துக்கொண்டு மறுமணம் செய்யும் வழக்கம் இருந்தது. ‘அறுத்துக்கட்டுதல்’ என்பது அதன் பெயர். கடல் கடந்து மலாயாவுக்கு வந்தவர்களுக்கு ஊரும் உறவும் சூழ்ந்த அந்த ஏற்பாடு அருகிப்போயிற்று. நீதிமன்றமோ கைகொடுக்கவில்லை. குடியேற்ற ஆட்சியின் மணவிலக்குச் சட்டம் ஒருதார மணங்களுக்கே உரியதாக இருந்தது. இந்து வழக்கப்படி நடந்த திருமணம் பலதார மணத்திற்கு இடமளிப்பதாகக் கருதப்பட்டமையால், அது அச்சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை. கணவன் வேறொருத்தியை மணக்கலாம்; கைவிடப்பட்ட மனைவியோ ஜீவனாம்சம் கேட்கலாமேயன்றி விடுதலை பெற இயலாது.

இந்நிலை மாறவேண்டும் என்னும் குரல் பல திசைகளிலிருந்து எழுந்தது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் மணவிலக்குரிமை வேண்டும் என வலியுறுத்தியது. அவ்வாண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். சிங்கப்பூரில் 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, கோ. சாரங்கபாணி அதன் முன்னோடிகளுள் ஒருவர். 1952இல் அமைந்த சிங்கப்பூர் மாதர் மன்றம், ஷிரின் ஃபோஸ்தார் முதலியோரின் முயற்சியால், ஒருதார மணத்தைச் சட்டமாக்க வேண்டும் எனப் போராடியது. 1959 தேர்தலில் மக்கள் செயல் கட்சி அதனை வாக்குறுதியாக ஏற்றது. 1961ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மாதர் சாசனம் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாத மகளிர் அனைவருக்கும் ஒருதார மணமும் மணவிலக்கு கோரும் வழியும் அதனால் கிடைத்தன. முஸ்லிம்களின் மணவிலக்கு ஷரியா நீதிமன்றத்தின் பொறுப்பில் இருந்தது.

எனினும் அவ்வழி குறுகியது. பிறர்மனை உறவு, கொடுமை, கைவிட்டுச் செல்லுதல் போன்ற குற்றங்களுள் ஒன்றை மெய்ப்பித்தாக வேண்டும். 1980ஆம் ஆண்டுத் திருத்தம் இதனைச் சற்று மாற்றியது. ‘மீட்க இயலாத முறிவு’ என்பதே மணவிலக்கிற்கு அடிப்படை ஆயிற்று. ஆயினும் முறிவைக் காட்டுவதற்கு ஒருவர்மீது ஒருவர் குறைகூற வேண்டும். அல்லது உடன்பாட்டுடன் மூன்றாண்டும், உடன்பாடு இன்றேல் நான்காண்டும் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும்.

மலேசியாவோ வேறொரு படியை முன்னரே எடுத்து வைத்தது. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதோர்க்குரிய இச்சட்டத்தில், மணமாகி ஈராண்டு கழிந்த இணையர் இருவரும் சேர்ந்து மனுச் செய்து பிரியலாம். சிங்கப்பூர் அந்நிலையை எய்த ஏறத்தாழ நாற்பதாண்டுகள் பிடித்தன. 2022இல் நிறைவேறிய திருத்தம் 2024 ஜூலை முதல் நாள் செயலுக்கு வந்தபோதுதான், இருவரின் உடன்பாடே முறிவுக்குச் சான்றாக ஏற்கப்பட்டது.

மணவிலக்கை எளிதாக்கினால் குடும்பம் குலையாதா? நியாயமான ஐயமே. சட்டமும் அதனை மறக்கவில்லை. சிங்கப்பூரில் மணமாகி மூன்றாண்டு ஆகுமுன் மணவிலக்குக் கோருவது பொதுவாக இயலாது. உடன்பாட்டால் பிரிவோர், இணைந்து வாழ மேற்கொண்ட முயற்சிகளையும், பிள்ளைகளுக்கான ஏற்பாடுகளையும் எடுத்துரைக்க வேண்டும். இணக்கத்திற்கு வாய்ப்புண்டு எனக் கருதினால் நீதிமன்றம் உடன்பாட்டை ஏற்க மறுக்கலாம். மலேசியாவில் ஒருவர் மட்டும் மனுச் செய்தால், பொதுவாக அதற்குமுன் இணக்கக் குழுவை நாடவேண்டும்.

குற்றத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட சட்டத்திற்கு ஒரு தீமை உண்டு. அமைதியாகப் பிரிய எண்ணும் இருவரையும் அது வழக்காளிகளாக்கும். இல்லாத பழியைப் புனையவும், சிறு குறையைப் பெரிதாக்கவும் தூண்டும். தாயும் தந்தையும் ஒருவர்மீது ஒருவர் சுமத்திய பழி ஏட்டில் நிலைத்துவிடும். அதன் கசப்பைச் சுமப்பவர்கள் பிள்ளைகளே. பொய்யைத் தடுக்கப் பிறந்த திருமண நெறியைப் பொய்யால் முடித்துவைக்கும் சட்டம் எங்ஙனம் அறமாகும்?

குற்றம், முறிவு, உடன்பாடு என்னும் மூன்று சொற்களுக்குள் இவ்வரலாறு அடங்கும். மணவிலக்கை யாரும் விரும்பி வரவேற்பதில்லை. ஆனால் மாறிவிட்ட வாழ்க்கைச் சூழலை ஏற்று, பிரிய நேர்ந்தவர்களையும் மதிப்போடு வாழவிடும் சட்டமே, சேர்ந்து வாழ்வோரின் மணத்திற்கும் மதிப்பளிப்பதாகும்.